கோடு போட்டாயிற்று, சண்டை மட்டும் நிற்கவில்லை

கேள்வி இது: "பனிப்போரில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நேருக்கு நேர் மோதவே இல்லை என்கிறார்கள். அப்படியானால் கொரியாவில் நடந்தது என்ன? 1951-லேயே இரு தரப்பும் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட்டன. அப்புறமும் இரண்டு வருஷம் எதற்காகச் சண்டை? இதில் இந்தியா எங்கே வந்தது?"

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோதினார்கள், வானத்தில். 1950 நவம்பர் முதல் சீன-வடகொரிய எல்லையில் ஓடும் யாலு நதிப் பக்கம் அமெரிக்க விமானங்களைத் துரத்திய மிக்-15 விமானங்களில் பெரும்பங்கை ஓட்டியவர்கள் சோவியத் விமானிகள். விமானத்தில் சீன, வடகொரிய அடையாளங்கள். வானொலியில் ரஷ்ய மொழி பேசக்கூடாது என்று உத்தரவு. எதிரி வாலைப் பிடித்துவிட்டால் எவன் சீன மொழிச் சொற்பட்டியலைத் தேடிக்கொண்டிருப்பான்? ரஷ்ய மொழியில்தான் கத்தினார்கள். அமெரிக்காவுக்கும் இது தெரியும். வெளியே சொன்னால் ரஷ்யாவுடனும் போருக்குப் போ என்று உள்நாட்டில் நெருக்குவார்கள் என்பதால் அவர்களும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து காத்த ரகசியம் அது.

உண்மையில் பதில் சொல்ல வேண்டியது நடுக்கேள்விக்கு. சண்டை நீண்டது நிலத்துக்காக அல்ல. போர்க்கைதிகள் எந்தப் பக்கம் போவது என்ற தகராறுக்காக. இது புரிய, முதல் ஒரு வருஷத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்து வரவேண்டும்.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. ஜப்பான் சரணடையும் நேரத்தில் சோவியத் படை வடக்கிலிருந்து இறங்கிவிட்டது. அமெரிக்கப் படையோ அக்கம்பக்கத்தில்கூட இல்லை. வாஷிங்டனில் ஆகஸ்ட் 10-ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் இரண்டு கர்னல்களைக் கூப்பிட்டு, யார் எதுவரை பொறுப்பு என்று ஒரு கோடு போடச் சொன்னார்கள். ஒருவர் டீன் ரஸ்க், பிற்காலத்தில் வெளியுறவு அமைச்சரானவர். இன்னொருவர் சார்லஸ் போன்ஸ்டீல். கையில் இருந்தது நேஷனல் ஜியாகிரபிக் வரைபடம். அரை மணி நேரத்தில், சியோல் நம் பக்கம் இருக்கட்டும் என்று 38-ஆவது அட்சரேகையைக் காட்டினார்கள். ஸ்டாலின் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். கொரியர் ஒருவரிடமும் கேட்கவில்லை.

தற்காலிகம் என்று போட்ட கோடு 1948-இல் இரண்டு அரசுகளாகிவிட்டது. தெற்கே சிங்மன் ரீ, வடக்கே கிம் இல் சுங். முழு கொரியாவும் எனக்குத்தான் என்று இருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிம்முக்கு 1950 வசந்தத்தில் ஸ்டாலினின் சம்மதம் கிடைத்தது. ஜூன் 25, ஞாயிறு விடியற்காலை வடகொரியப் படை கோட்டைத் தாண்டியது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. ஜனங்கள் கடந்துகொண்டிருக்கும்போதே ஹான் நதிப் பாலத்தைத் தென்கொரிய ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது.

ஐ.நா. பாதுகாப்பு அவையில் சோவியத் பிரதிநிதி இருந்திருந்தால் வீட்டோ போட்டிருப்பார். ஆனால் மாவோவின் கம்யூனிஸ்ட் சீனாவுக்கு ஐ.நா.வில் இடம் தரவில்லை என்று ஜனவரியிலிருந்தே அவர்கள் அவைக்கு வருவதில்லை. அதனால் அமெரிக்கத் தலைமையில் ஐ.நா. கொடியோடு படை போயிற்று. அந்த ஜூன் மாதம் அவைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் இந்தியாவின் பெனகல் நரசிங் ராவ் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

அடுத்த ஒன்பது மாதம் ஊஞ்சலாட்டம்தான். ஆகஸ்டில் தென்படை புசான் மூலையில் முடங்கிக் கிடந்தது. செப்டம்பர் 15-இல் ஐ.நா. படைத் தளபதி மக்ஆர்தர் சியோலுக்குப் பக்கத்தில் இன்சோனில் கடல்வழி இறங்கி நிலைமையைத் தலைகீழாக்கினார். அக்டோபரில் ஐ.நா. படை வடக்கே பியோங்யாங்கைப் பிடித்தது. அதே அக்டோபர் 19-ஆம் தேதி இரவு பெங் தெஹுவாய் தலைமையில் சீனப் படை யாலுவைக் கடந்தது. 1951 ஜனவரியில் சியோல் மறுபடி போயிற்று, மார்ச்சில் மறுபடி வந்தது. ஒன்பது மாதத்தில் ஒரு தலைநகரம் நான்கு முறை கைமாறியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நள்ளிரவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. பீகிங்கில் (இன்றைய பெய்ஜிங்) அப்போது நம் தூதர் கே.எம். பணிக்கர். 1950 அக்டோபர் 2-ஆம் தேதி நள்ளிரவில் அவரை எழுப்பி சீனப் பிரதமர் சூ என்லாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். தென்கொரியப் படை மட்டும் 38-ஐத் தாண்டினால் அது வேறு விஷயம், அமெரிக்கப் படை தாண்டினால் சீனா உள்ளே வரும் என்று சூ நிதானமாகச் சொன்னார். பணிக்கர் உடனே டெல்லிக்குத் தந்தி அடிக்க, செய்தி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போனது. பணிக்கர் கம்யூனிஸ்ட் சார்புள்ளவர், இது சும்மா மிரட்டல் என்று வாஷிங்டன் ஒதுக்கிவிட்டது. ஒரே வாரத்தில் அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டியது. சொன்னவர் யார் என்று பார்த்தார்களே தவிர, சொன்னது என்ன என்று பார்க்கவில்லை.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1951 ஜூலை 10-ஆம் தேதி கேசாங் நகரில் பேச்சுவார்த்தை தொடங்கியது. முதல் நாளே கூத்து. ஐ.நா. தரப்புத் தலைவர் அட்மிரல் ஜாய்க்குத் தாழ்வான நாற்காலி போட்டு, எதிரே உட்கார்ந்த வடகொரிய ஜெனரல் நாம் இல் உயரமாகத் தெரியும்படி செய்திருந்தார்கள். இவர்கள் மேஜையில் ஒரு சின்னக் கொடி வைத்தால், அவர்கள் அதைவிட உயரமாக ஒன்று வைத்தார்கள். ஆகஸ்ட் 10-ஆம் தேதி இரண்டு மணி பதினோரு நிமிஷம் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளிகள் பஞ்சாயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

இத்தனை இழுபறிக்கும் நடுவில், பேச்சு பான்முன்ஜோமுக்கு மாறிய பிறகு, நவம்பர் 27-ஆம் தேதி எல்லைக்கோடு விஷயத்தில் உடன்பாடு வந்துவிட்டது. படைகள் நிற்கிற இடமே கோடு. நிலத் தகராறு அத்தோடு ஏறக்குறைய தீர்ந்தது. மிச்சம் இருந்தவற்றில் பெரியது கைதிகள்.

1949 ஜெனீவா உடன்படிக்கையின் 118-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: சண்டை நின்றதும் கைதிகளைத் தாமதமின்றி விடுவித்துத் தாய்நாட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். டிசம்பரில் இரு தரப்பும் பட்டியல் கொடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஐ.நா. தரப்பின் பட்டியலில் 1,32,000 பேர். வடக்கின் பட்டியலில் 11,559 பேர். போரின் முதல் மாதங்களில் 65,000 பேரைப் பிடித்ததாக அவர்களே வானொலியில் பெருமையடித்திருந்தார்கள். மீதிப் பேர் எங்கே? பிடிபட்ட தென்கொரியர்களில் பலரைத் தங்கள் படையிலேயே சேர்த்துவிட்டார்கள். அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் பலர் மறுபடி தெற்கிடம் பிடிபட்டு அந்த 1,32,000-க்குள்ளும் இருந்தார்கள். சீனக் கைதிகள் 20,000 பேருக்கு மேல். அவர்களிலும் கணிசமானவர்கள் முன்பு கம்யூனிஸ்ட் எதிர்ப்புத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் (தோற்றபின் தைவானுக்குப் போய் ஆட்சி நடத்தியவர்) படையில் இருந்து, 1949-இல் மாவோவிடம் தோற்று, அப்படியே செஞ்சேனைக்கு மாற்றப்பட்டவர்கள்.

இவர்களை எல்லாம் அனுப்பியே தீர வேண்டுமா? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் கைதிகளைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்பி, அவர்களில் பலர் முகாம்களில் போய் அடைபட்ட கதை அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குத் தெரியும். யார் போக விரும்புகிறாரோ அவரை மட்டும் அனுப்புவோம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதோடு, கம்யூனிஸ்ட் படைவீரர்கள் தாய்நாட்டுக்குப் போக மறுக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய பிரசார வெற்றி அமெரிக்காவுக்கு வேறு கிடைக்காது. எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளாததற்கும் அதே காரணம்தான். யார் ஊர் நல்ல ஊர் என்பதற்கு வைத்த வாக்கெடுப்பாக அது ஆகிப்போனது.

வாக்கெடுப்பு எப்படி நடந்தது என்று பார்த்தால், அமெரிக்கத் தரப்பின் நியாயத்திலும் ஓட்டை தெரியும். தெற்குக் கரைக்கு அப்பால் கோஜே என்று ஒரு தீவு. அங்கேதான் பெரிய முகாம்கள். காவலர்கள் வேலிக்கு வெளியே, உள்ளே ராஜ்ஜியம் கைதிகளுடையது. சில அடைப்புகள் கம்யூனிஸ்டுகள் கையில், சில அவர்களின் எதிரிகள் கையில். சீனர் அடைப்புகளில் கம்யூனிச எதிர்ப்பு வாசகங்களை உடம்பில் பச்சை குத்தினார்கள், பலருக்கு வலுக்கட்டாயமாக. கையில் அந்த எழுத்தோடு ஒருவன் ஊருக்குத் திரும்ப முடியுமா? இன்னொரு பக்கம், கம்யூனிஸ்ட் அடைப்புகளில் ராத்திரி நேரத்து 'மக்கள் நீதிமன்றங்கள்', காலையில் பிணங்கள்.

இந்தச் சூழலில்தான் 1952 ஏப்ரலில் விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். சுமார் 1,16,000 பேர் திரும்புவார்கள் என்று பேச்சுவார்த்தை மேஜையில் முதலில் ஒரு மதிப்பீடு கொடுத்திருந்தார்கள். கணக்கெடுப்புக்குப் பிறகு சொன்ன எண் 70,000. எதிர்த்தரப்பு கொதித்துப்போனது. மே 7-ஆம் தேதி கோஜே கைதிகள், புகாரைக் கேட்க வாசலுக்கு வந்த முகாம் தலைவர் பிரிகேடியர் ஜெனரல் டாட்டை உள்ளே இழுத்து, மூன்று நாள் சிறைவைத்தார்கள். சிறையதிகாரியையே கைதிகள் சிறைவைத்தது உலகச் செய்தியாயிற்று. பேச்சு முடங்கியது.

முன்வரிசையில் இதற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படைகள் பெரிதாக நகரவில்லை, குன்று குன்றாகத்தான் சண்டை. 1952 அக்டோபரில் 'வெள்ளைக் குதிரை'க் குன்றில் பத்து நாள் நடந்த சண்டையில் உச்சி இருபது தடவைக்கு மேல் கைமாறியது. குண்டு விழுந்து மரமெல்லாம் போய் வெளிறிக்கிடந்த மலை, படுத்திருக்கும் குதிரை போலத் தெரிந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். 'போர்க் சாப்' என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்த குன்றுக்காக 1953 ஜூலையில் ஐந்து நாள் செத்து மடிந்து, கடைசியில் இது வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு வாரத்தில் போர்நிறுத்தம். அந்தக் குன்று இப்போது இரு தரப்புக்கும் நடுவே, படைகள் விலகி நிற்கிற, யாருக்கும் இல்லாத இடைவெளியில் கிடக்கிறது. அமெரிக்கப் படையின் மொத்த சேதத்தில் ஏறத்தாழ 45 சதவீதம் பேச்சுவார்த்தை தொடங்கிய பிறகு நேர்ந்தது. வடக்கில் குண்டுவீச்சு ஓயவே இல்லை. போர் முழுவதும் கொரியாவின் மேல் விழுந்த 6,35,000 டன் குண்டுகள், இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனை முழுவதும் அமெரிக்கா வீசியதைவிட அதிகம்.

அப்படியானால் பழி முழுக்க ட்ரூமன் மேலா? இல்லை. என் கணக்கில் ஸ்டாலினுடைய பங்கு பெரியது. 1951 ஜூனிலேயே அவர் மாவோவுக்கு அனுப்பிய தந்தி சோவியத் ஆவணக் காப்பகம் திறந்த பிறகு வெளியே வந்தது. அவசரப்பட வேண்டாம், நீண்ட போர் சீனப் படைக்கு நவீனப் போர்முறையைக் கற்றுக்கொடுக்கும், அமெரிக்காவில் ட்ரூமன் ஆட்சியையும் ஆட்டிவைக்கும் என்பது அதன் சாரம். 1952 ஆகஸ்டில் சூ என்லாயிடம், வடகொரியர்கள் உயிர்ச்சேதத்தைத் தவிர வேறு எதையும் இழக்கவில்லை என்றே சொன்னார். அவர்களுக்கு உயிரைத் தவிர வேறு என்ன இருந்தது என்று கேட்க அங்கே யாரும் இல்லை. குண்டுமழையில் நொந்துபோன கிம் அந்த நேரத்தில் போர் முடிந்தால் போதும் என்றிருந்தார். மாவோ விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. போரை ஆரம்பித்தவரால் அதை முடிக்க முடியவில்லை.

முடிச்சை அவிழ்க்கும் வழியைச் சொன்னது இந்தியா. 1952 கடைசியில் ஐ.நா. பொதுச்சபையில் வி.கே. கிருஷ்ண மேனன் ஒரு திட்டம் வைத்தார். போக மறுக்கும் கைதிகளை நடுநிலை நாடுகளின் குழுவிடம் ஒப்படைப்பது, அவரவர் நாட்டு அதிகாரிகள் வந்து எடுத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுப்பது, யாரையும் பலவந்தம் செய்யாமல் இருப்பது. சோவியத் தரப்பு மேனனைக் கிழிகிழி என்று கிழித்தது. டிசம்பர் 3-ஆம் தேதி தீர்மானம் 54-க்கு 5 என்று நிறைவேறியும் பலனில்லை. அப்புறம் 1953 மார்ச் 5-ஆம் தேதி ஸ்டாலின் செத்துப்போனார். அந்த மாதத்திலேயே மாஸ்கோவும் பீகிங்கும் இறங்கி வந்தன. ஜூன் 8-ஆம் தேதி கைதிகள் உடன்பாடு கையெழுத்தானது. பார்த்தால், அதில் எலும்புக்கூடு மேனன் திட்டம்தான்.

இந்த நேரத்தில் சிங்மன் ரீ ஒரு வேலை செய்தார். ஜூன் 18 அன்று தன் காவலர்களை விட்டு முகாம் கதவுகளைத் திறந்து, ஏறக்குறைய 27,000 வடகொரியக் கைதிகளை ஊருக்குள் ஓடவிட்டார். போர்நிறுத்தமே கவிழ்ந்துவிடும் போலிருந்தது, கவிழவில்லை. ஜூலை 27 காலை பத்து மணிக்கு பான்முன்ஜோமில் ஐ.நா. தரப்பின் ஜெனரல் ஹாரிசனும் நாம் இல்லும் ஆளுக்குப் பதினெட்டுப் பிரதிகளில் கையெழுத்துப் போட்டார்கள். கை குலுக்கவில்லை, பேசவில்லை, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார்கள். ரீ கையெழுத்தே போடவில்லை. நிறுத்தம் அமலுக்கு வருவது இரவு பத்து மணிக்கு. அதுவரை இரு தரப்புப் பீரங்கிகளும் முழங்கிக்கொண்டிருந்தன.

போக விரும்பியவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் போய்விட்டார்கள். வடக்கே சுமார் 75,800 பேர், தெற்கே 12,773 பேர். மீதி இருந்த 22,604 பேர் (இவர்களில் 14,704 பேர் சீனர்) நடுநிலைக் குழுவிடம் வந்தார்கள். வடக்கிடம் பிடிபட்டு, தங்கள் பக்கம் திரும்ப மறுத்த 359 பேரும் வந்தார்கள், அவர்களில் 23 பேர் அமெரிக்கர். குழுவில் சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, இந்தியா. தலைவர் ஜெனரல் திம்மையா. காவலுக்கு மேஜர் ஜெனரல் தோரட்டின் கீழ் ஏறக்குறைய 6,000 இந்திய வீரர்கள். இந்தியச் சிப்பாய் ஒருவன்கூடத் தன் மண்ணை மிதிக்கக்கூடாது என்று ரீ அடம்பிடித்ததால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி நேராக இடைவெளிப் பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அக்டோபர் 15-இல் 'விளக்கம் சொல்லும்' வேலை தொடங்கியது. ஒரு கூடாரம், இரண்டு வாசல். கைதியை இந்திய வீரர்கள் கைப்பிடியாக உள்ளே கூட்டிவருவார்கள். மேஜைக்குப் பின்னால் பீகிங்கிலிருந்து வந்த அதிகாரிகள்: உன் அம்மா காத்திருக்கிறாள், உன் மேல் குற்றம் எதுவும் இல்லை, வா. ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வாசல் ஊருக்கு, இன்னொன்று வந்த வழிக்கே. பலர் காதைப் பொத்திக்கொண்டு "தைவான், தைவான்" என்று கத்தினார்கள், சிலர் துப்பினார்கள், சிலர் மேஜையைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டு, சட்டென்று ஊர் வாசல் வழியாக நடந்தார்கள். விளக்கத்துக்கு 90 நாள் ஒதுக்கியிருந்தும் உண்மையில் நடந்தது பத்து நாள் போலத்தான். 22,604 பேரில் ஊருக்குப் போக முடிவெடுத்தவர்கள் 628. மற்றவர்களில் சீனர்கள் 1954 ஜனவரியில் தைவானுக்குக் கப்பலேறினார்கள். 23 அமெரிக்கரில் இரண்டு பேர் மனம் மாற, 21 பேர் சீனா போனார்கள்.

அந்த 628-ஐ வைத்து மற்ற எல்லோரும் மனமார மறுத்தார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. பச்சை குத்திய கையோடும், அடைப்புத் தலைவனின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பயத்தோடும் வந்தவனுக்குக் கூடாரத்தில் கிடைத்த சில நிமிஷம் எவ்வளவு சுதந்திரம்? இருந்தாலும், இரண்டு வருஷத்தில் அவனை யாரோ உட்காரவைத்து, எந்த வாசல் என்று கேட்டது அந்தக் கூடாரத்தில்தான்.

இந்தியாவின் இன்னொரு பங்கையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றி நம் ஊரில் பேசுவது குறைவு. போரிடும் படையை அனுப்ப மறுத்த நேரு ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பினார்: 60-ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1950 டிசம்பரில் பியோங்யாங்கை விட்டு எல்லோரும் பின்வாங்கியபோது, மருந்தையும் கருவிகளையும் ஏற்ற வண்டி கிடைக்கவில்லை. விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். இவர்கள் ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, தண்ணீர் ஊற்றி, தீமூட்டி, பெட்டிகளைக் கோத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு பாலம் தகர்க்கப்படுமுன் ஆற்றைத் தாண்டினார்கள். 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படையோடு ரங்கராஜும் சிறு குழுவும் குதித்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

அப்புறம், வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்ற 88 பேர். பெரும்பாலும் கொரியர்கள், பன்னிரண்டு பேர் சீனர்கள். எங்காவது ஒரு நடுநிலை நாட்டுக்கு அனுப்புங்கள் என்றார்கள். எந்த நாடு என்று முடிவாகாததால், திரும்பி வந்த இந்தியப் படையோடே கப்பலேற்றினார்கள். 1954 பிப்ரவரியில் அவர்கள் வந்து இறங்கியது மதராஸ் துறைமுகத்தில். அங்கிருந்து ரயிலில் டெல்லி ராணுவ முகாமுக்குப் போய், ஏதாவது ஒரு நாடு கூப்பிடும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். பிரேசிலும் அர்ஜென்டினாவும் பலரை எடுத்துக்கொண்டன. காத்திருந்து பார்த்துவிட்டுச் சிலர் வந்த ஊருக்கே திரும்பினார்கள். ஒரு சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள்.